இருட்டோடு வந்த நேர்ச்சை மீன்

ததேயு அந்த மீனைக் கொண்டு வந்தபோது அது தன் வீட்டையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது என்பது மணல்வாய்த்துறையில் முதலில் தெரிந்தது அவன் பெண்டாட்டி செசிலிக்குத்தான், ஏனென்றால் அவன் அலுமினியச் சருவத்தை அடுப்படியில் இறக்கி வைத்த மறு நிமிஷமே, உச்சி வெயில் கூரையைப் பிளக்கிற நேரத்தில், உலையில் கொதித்துக்கொண்டிருந்த சோறு அவள் கண்ணுக்குத் தெரியாமல் போனது. சருவத்தைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு கை அகலத்துக்கு இருட்டு நின்றது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் விளக்கு எரிந்தது, வெளிச்சம் மட்டும் வரவில்லை. கையை விட்டால் ஐஸ் பெட்டிக்குள் விட்டதுபோல விரல் விறைத்தது, போதாததற்கு நாலு பேர் ஏறி மிதிக்கிற கனம் வேறு.

"எளவு, என்னத்தப் பிடிச்சிட்டு வந்திருக்கிய?" என்றாள் செசிலி.

"நேர்ச்சையாக்கும். தொடாத," என்றான் ததேயு, சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவர்களுக்கு மெர்லின் என்று நாலு வயதில் ஒரே பிள்ளை. பிறந்த நாளிலிருந்து இழுப்பு. நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி அடைபட்டுக் கிடப்பதுபோல முதலில் மெல்லியதாய் ஒரு விசில், பிறகு கரகரவென்று ஒரு இழுவை, கடைசியில் விட்ட மூச்சைத் திரும்ப வாங்க முடியாமல் ஒரு விக்கல். இந்த மூன்றையும் அடுத்த தெருவில் நின்றாலும் செசிலியின் காது பிடித்துவிடும். டாக்டர் கொடுத்த, வாயில் வைத்து அமுக்குகிற பஃப் கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அந்த வாரம் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போன ததேயு, அடி காணாத ஆழத்தில் தூண்டிலை இறக்கும்போது ஊர்க் கோயில் புனிதரைக் கூப்பிட்டு, "சந்தியாகப்பரே, எம்பிள்ளைக்கு மூச்சக் குடும். இதுல முதல்ல ஏறுறத, அது என்னவா இருந்தாலும், உம்ம கொடியேற்றத்துக்கு உயிரோட கொண்டு வந்து வைக்கேன்" என்று நேர்ந்துவிட்டான். அது என்னவா இருந்தாலும் என்று சொன்னான் பாருங்கள், அதுதான் அவன் செய்த தப்பு. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் கடலிடம் அப்படி வாயைக் கொடுக்கலாமா? சூரை ஏறும், இல்லாவிட்டால் ஒரு சுறா ஏறும் என்று நினைத்தான். ஏறியது இது.

அதைப் பார்க்க அதன் விளக்கே வேண்டியிருந்தது. வால் நுனியில் ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு வெளிச்சம், சில நேரம் சிவந்து மின்னும். அது மின்னும்போது மற்றது தெரியும். விலாங்கு என்று சொல்லலாம், விலாங்கு கோபித்துக்கொள்ளாமல் இருந்தால். உடம்பு சாட்டைக்கயிறுபோல நீண்டு மெலிந்து அடுப்புக்கரி நிறத்தில் கிடந்தது, ஒரு செதில் கிடையாது. தலை என்று தனியாக ஒன்று இல்லை, எல்லாம் வாய். தன்னைவிடப் பெரியதையும் வாரி விழுங்குகிற வாய், அதன் கீழே காற்றுப்போன பலூன்போலத் தொங்குகிற தோல்பை, மூக்கு நுனியில் கடுகளவில் ரெண்டு கண். சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், தண்ணீர் தன் கனத்தைத் தானே சுமந்து நசுங்குகிற பாதாளத்தில், மேலிருந்து உதிர்ந்து வருகிற எச்சில் மிச்சத்துக்கும் விளக்கைப் பார்த்து ஏமாந்து வருகிற குட்டி இறாலுக்கும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்துக்கிடக்கிற ஜாதி அது. அப்படிப்பட்டது வீட்டை விட்டுவிட்டு வருமா? குளிர், கனம், இருட்டு என்று சட்டிமுட்டியோடு வந்துவிட்டது.

அது வந்த மணியிலேயே மெர்லின் பாயில் எழுந்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டாள். ஒரு விசில் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. செசிலி பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள், முதுகில் வைத்துக் கேட்டாள், வெறும் இதயம் மட்டும் டப்டப்பென்று அடித்தது. அவள் அழுத அழுகைக்கு அளவில்லை.

இருட்டு வளர்ந்தது. முதலில் அடுப்படி, பிறகு வீடு, பிறகு சந்து. சந்தியாகப்பருக்கு நேர்ந்த பொருளைத் திருநாளுக்கு முன்னே கடலில் விடுவது கொடுத்த வாக்கைப் பிடுங்குவதுபோல் ஆகும் என்பதால் ஊரில் யாரும் அதைத் தூக்கி எறி என்று உடனே சொல்லவில்லை, மாறாக வந்தது வந்துவிட்டது, இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் பார்த்தார்கள். பெயரில்லாத மீனுக்கு நேர்ச்சை என்றே பெயராயிற்று. பிடித்த மீனை இருட்டுக்குள் கூடைகூடையாய் வைத்தால் ஐஸ் இல்லாமலே விறைத்து நின்றது. ஐஸ் வண்டிக்காரன் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். பிள்ளைகள் பந்தை உருட்டிவிட்டால் எலுமிச்சங்காய் அளவில் திரும்பி வந்தது. சோடா பாட்டில்கள் அப்பளமாய் நொறுங்கின. புழுக்கம் தாங்காதவர்கள் பகலில் போய்ப் படுத்தார்கள், புதுசாய்க் கல்யாணமானவர்கள் எதற்குப் போனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காது அடைத்தால் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் இருட்டு என்பது மணல்வாய்த்துறையில் ஒரு தெருவின் பெயர்போல ஆகிவிட்டது.

அதற்குள் போனால் இன்னொரு கூத்து. கனத்தில் எல்லார் குரலும் தடித்து, இழுபட்டு, ஒரே குரலாகிவிடும். ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் தெரியாது. ஏலக்காரர் இஞ்ஞாசியை ஒருநாள் இருட்டுக்குள் வைத்து யாரோ அவருடைய நாலு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தார்கள். வெளியே வந்து ஒவ்வொரு முகமாய் உற்றுப் பார்த்தார், அத்தனை முகமும் பால்குடிக்கிற பிள்ளை முகமாய் இருந்தது.

இந்தக் கூத்து பிடிக்காத ஒரே ஆள் எஸ்கலின். எஸ்கலின் மீன்காரி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகுட்டி இல்லை, கடலில் அவளுக்கென்று ஒரு உயிர் கிடையாது. தலையில் சருவத்தை வைத்துக்கொண்டு வடக்கே கடலில்லாத ஊர்களின் தெருக்களில் "மீனே... மீனேய்..." என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் மூன்று தெருவிலும் கேட் திறக்கும். அந்தத் தொண்டைதான் அவளுக்கு வீடு வாசல் எல்லாம். இருட்டு அவள் வீட்டு வாசலையும் பிடித்த அன்றைக்கு அவள் தன் குரலே தனக்கு அடையாளம் தெரியாமல் திகைத்துப்போய், செசிலி வீட்டுத் திசையைப் பார்த்து நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"ஏட்டி செசிலி! ஒனக்க பிள்ளைக்கு மூச்சு வந்துட்டு, எனக்க குரல் போச்சு! ஊரு பூரா செவுட்டு ஊமையா சாகணுமா? தூக்கி எறியுதியா, நான் வந்து எறியட்டா?"

"கொடியேற்றம் வரைக்கும் பொறுங்க மயினி. நேர்ந்தத எடுத்தா பிள்ள செத்துப்போவும்."

"கொடியேற்றத்துக்குள்ள ஊரு செத்துப்போவும்ட்டி!"

தினமும் இதே பூசைதான். செசிலி கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையைக் கட்டிக்கொள்வாள். எஸ்கலின் பெயரைக் கேட்டாலே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தடவிப் பார்ப்பாள்.

உண்மையைச் சொன்னால் கொடியேற்றத்தை நினைத்தாலும் அவளுக்குப் பயம்தான். காரணம் அந்த ஊர் வழக்கம். மற்ற ஊர்களில் நேர்ச்சைப் பொருளைக் காசுக்கு ஏலம் விடுவார்கள். மணல்வாய்த்துறையில் நாளுக்கு. கோழியோ ஆடோ மீனோ, எடுக்கிறவன் ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று கேட்பான். அந்த நேர்ச்சை எந்தக் கஷ்டத்துக்காக வைக்கப்பட்டதோ அதைக் கேட்ட அத்தனை நாளும் அவனே சுமக்க வேண்டும். நாள் முடிந்தால் கஷ்டம் பழைய இடத்துக்கே போய்விடும், ஆனால் அதற்குள் அது பெரும்பாலும் களைத்துப்போய்த் தானாய்ப் போய்ச் சேர்ந்திருக்கும். பல்வலிக்கு வைத்த சேவலை ஒருமுறை இஞ்ஞாசியே எடுத்துவிட்டு மூன்று நாள் தாடையைக் கட்டிக்கொண்டு ஏலம் கூவியது ஊரே சிரித்த கதை. வைத்த வீட்டார் மட்டும் ஏலத்தில் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் நேர்ச்சை செல்லாது. பல்வலியை எடுக்க ஆள் வரும். களைக்காத இழுப்பை, உயிரைப் பிடிக்கிற இழுப்பை, எவன் எடுப்பான்? செசிலி இதை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே போட்டுப் புழுங்கினாள்.

கொடியேற்றம் வருவதற்கு முன்னே அந்தக் காலை வந்தது. ஆனி மாசத்துக் கச்சான் காற்று முதல்நாள் சாயங்காலம் அடங்கியிருந்ததால் ததேயுவும் மற்றவர்களும் வள்ளங்களை இறக்கியிருந்தார்கள். விடிந்தபோது காற்று பேய்பிடித்ததுபோல் திரும்பி வந்தது, அதோடு, அதுவரை கோயில் மதிலோடு நின்றிருந்த இருட்டு ஒரே மூச்சில் கோபுரத்தில் ஏறி, உச்சிச் சிலுவையையும் விழுங்கி, மணலில் இறங்கி அலைவாயிலும் கால்வைத்தது. சருவத்துக்குள் மீன் தன் வாயை முதல் தடவையாய் முழுக்கத் திறந்திருந்ததைச் செசிலி பார்த்தாள்.

கோபுரம் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அந்தத் துறைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் பாறைத்தொடர் ஒன்று கிடக்கிறது. அதில் ரெண்டு வள்ள அகலத்துக்கு ஒரே ஒரு வாசல். கோபுரத்துச் சிலுவையையும் பின்னால் இருக்கிற மலையின் முகட்டையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு வந்தால் வாசல், ஒரு ஆள் நீளம் விலகினால் பாறை. ஜிபிஎஸ் ஊருக்கு வழி சொல்லும், வாசலுக்குச் சொல்லாது. காற்று வள்ளங்களைப் பாறையைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது, வேறு துறைக்குத் திருப்ப எண்ணெயும் இராது. கரையில் நின்று பார்த்தால் இருட்டுக்கு அப்பால் எஞ்சின் சத்தம் மட்டும் வருவதும் போவதுமாய்க் கேட்டது.

ஊர் செசிலியின் வாசலில் கூடியது. கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை, பேசுகிற விதத்தை வைத்துத்தான் யார் என்று தெரிந்தது.

"மக்ளே," என்றார் பங்குச்சாமியார், "உள்ள இருக்கிறது ஒரு பிள்ள. வெளிய இருக்கிறது பத்து முப்பது பேரு. ஒனக்க மாப்பிள்ளையும் அதுல உண்டு."

"அப்ப எனக்க பிள்ளய நானே கொல்லணுமா சாமி? சொல்லுங்க. நீங்க சொன்னா செய்யேன்."

மெர்லின் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள்; அவள் மூச்சு தெளிந்த ஓடையாய்ப் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் எஸ்கலின் முன்னால்தான் நின்றாள். தினம் கத்துகிற வாய் அன்றைக்குப் பிள்ளை மாங்காய் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கம்மென்று இருந்தது.

கடைசியில் இஞ்ஞாசிதான் கேட்டார்: "சாமி, கொடிய இப்பமே ஏத்தினா என்ன? ஏலத்துல எடுக்கிறவன் அதக் கடல்ல விட்டுரலாம்லா."

"திருநாள் நம்ம கையிலயா இருக்கு?"

"சந்தியாகப்பரும் மீன் பிடிச்ச வள்ளத்தக் கரையில விட்டுட்டு வந்தவருதான சாமி. வள்ளக்காரனுக்க அவசரம் அவருக்குப் புரியாதா?"

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கொடியை எடுக்கச் சொன்னார்.

இப்படியாக அந்த வருசக் கொடி யாரும் பார்க்காமலே ஏறியது. கோயில் முற்றத்துக் குளிரில் ஊரே நெருக்கியடித்து நிற்க, கம்பத்தில் கப்பி கிறீச்சிட்டதை வைத்துத்தான் கொடி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். செசிலி சருவத்தை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து கம்பத்தின் பீடத்துக்குக் கீழே வைத்தாள். கனம் எல்லார் நெஞ்சையும் அமுக்கியது. கடல் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் ஒன்று கிட்டே வந்து, திணறி, நின்றேபோனது.

"நேர்ச்சை ஏலம்," என்று இஞ்ஞாசி தொடங்கினார், அவர் குரலும் எல்லார் குரலும்தான். "கடல் விலாங்கு ஒண்ணு. கூட வந்தது ஒரு பிள்ளைக்க இழுப்பு. யாரு எடுக்கிய? எத்தன நாளு?"

கால்கள் மட்டும் மணலில் இடம் மாறின.

"எத்தன நாளு?"

"ஒரு நாளு," என்றது இருட்டு, எங்கோ இடது பக்கமிருந்து, வெட்கப்பட்டதுபோல.

"ஒரு வாரம்," என்றது வேறொரு மூலை.

செசிலி மெர்லினின் தலையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். ஒரு வாரம். அப்புறம் அது வழி தெரிந்து திரும்பி வந்துவிடும். அவள் நாக்கு நுனியில் வார்த்தை வந்து நின்றது; பல்லைக் கடித்து அதை விழுங்கினாள், ஏனென்றால் அவள் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

"பத்து நாளு," என்றது முதல் மூலை, அதற்குள் தன்னைத் தைரியப்படுத்திக்கொண்டு. கடலில் யாரோ கூப்பிடுவது கேட்டது, பெயர் தெரியவில்லை, மனுஷக் குரல் என்று மட்டும் தெரிந்தது. "பத்து நாளு ஒரு தரம்," என்றார் இஞ்ஞாசி. "பத்து நாளு ரெண்டு தரம்..."

"ஆயுசுக்கும்."

யார் வாயிலிருந்து வந்தது என்று பக்கத்தில் நின்றவனுக்கும் தெரிந்திருக்காது, எல்லாம் ஒரே குரல். இஞ்ஞாசி தன் பிறவியில் கூவாத ஒன்றைக் கூவ வேண்டி வந்து தடுமாறினார்.

"ஆயுசுக்கும் ஒரு தரம். ஆயுசுக்கும் ரெண்டு தரம். ஓய், யாராயிருந்தாலும் யோசிச்சுக்கிடும். ஆயுசுக்கும்... மூணு தரம்."

சருவம் கல்லில் உரசித் தூக்கப்படுகிற சத்தம் கேட்டது. ரோஸ் பொட்டு இடுப்பு உயரத்தில் ஆடி ஆடி வந்தது. அது தன் எஜமானான மீனைத் தவிர வேறு எதையும் காட்டுகிற வெளிச்சம் இல்லை. தன்னைக் கடக்கும்போது செசிலி கையை நீட்டினாள். ஒரு உள்ளங்கை தட்டுப்பட்டது, செதில் உரசிக் காய்த்துப்போன கை. அந்த ஊரில் யார் கை அப்படி இல்லை?

"யாரு?" என்றாள்.

"தள்ளு," என்றது ஊர்க்குரல்.

பொட்டு மணலில் இறங்கியது, அலையில் இறங்கியது, பிறகு தண்ணீருக்குள் போனது. அதன் பின்னாலேயே கோபுரத்திலிருந்தும் சந்திலிருந்தும் வீடுகளின் மூலைமுடுக்கிலிருந்தும் இருட்டு பாயைச் சுருட்டியதுபோல் சுருண்டு கடலுக்குள் ஓடியது. வெயில் மண்டையில் அடித்தது. பாறைக்கு ஒரு வள்ள நீளத்துக்கப்பால் வள்ளங்கள் மேலும் கீழுமாய் ஆடிக்கொண்டிருந்தன. சிலுவையைக் கண்டதும் முதல் வள்ளம் மூக்கைத் திருப்பியது. அப்போது ஊர் முழுக்கக் கூச்சலிட்டுக்கொண்டு ஆண் பெண் பேதமில்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் பாய்ந்து வள்ளங்களைப் பிடித்து இழுத்தது, ஆகவே யார் முதலில் நனைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"பிள்ள?" என்றான் ததேயு, கரையில் கால் வைத்ததும்.

"நல்லா மூச்சு விடுதா, ஒரு இழுப்பும் இல்ல."

"மீனு?"

"ஏலம் போச்சு. ஆயுசுக்கும் எடுத்திருக்கு. யாருன்னு தெரியல."

ததேயு மணலில் மண்டியிட்டான், யாரைப் பார்த்து என்று அவனுக்கே தெரியவில்லை.

ஊர் அதைக் கொஞ்சநாள் வாயில் போட்டு மென்றது. சாமியார் ரெண்டு தரம் இருமினார், சாமியார்தான் என்றார்கள். இஞ்ஞாசி மாடியேறி மூச்சுவாங்கினார், அவர்தான் என்றார்கள். மற்ற எதையும்போல அதுவும் பழசாயிற்று, ஐஸ் வண்டி திரும்ப வந்தது. செசிலியால் மட்டும் மறக்க முடியவில்லை. பூசையில் பெஞ்சு பெஞ்சாய்க் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். மீன் ஏலத்தில், குழாயடியில், சாவு வீட்டில், எல்லார் நெஞ்சையும் உற்றுக் கேட்டாள். மெர்லினுக்கு வாங்கிய பஃப்பை முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்தாள். இதற்கிடையில் எஸ்கலின் விடியுமுன்னே சருவத்தோடு கிளம்பி ராத்திரி வீடு அடைவதையும், யாரிடமும் சண்டைக்கு வராததையும் ஊர் கவனித்து, "தெரு நிம்மதியா இருக்கு, எஸ்கலினுக்கும் புத்தி வந்துட்டு" என்று சந்தோஷப்பட்டது. அதைக் கேட்டபோதுதான் செசிலிக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அடுத்த பஸ்ஸில் வடக்கே எஸ்கலின் மீன் விற்கிற தெருக்களுக்கு ஓடினாள். எஸ்கலின் ஒரு காம்பவுண்டுச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சருவம், சருவத்தில் ஒரு மீன் குறையவில்லை. அவள் வந்திருப்பது எந்த வீட்டுக்கும் தெரியாது. செசிலி கிட்டே போகப்போக, முதலில் மெல்லிய விசில், பிறகு கரகர இழுவை, பிறகு அந்த விக்கல். தன் பிள்ளையின் நெஞ்சில் நாலு வருசம் கேட்ட சத்தம், ஒரு சுருதி மாறாமல். செசிலி அந்த மண்ணிலேயே விழுந்து எஸ்கலினின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எந்திரிட்டி... மீனு... நாறுது," என்றாள் எஸ்கலின்.

செசிலி பஃப்பை அவள் வாயில் வைத்து அமுக்கினாள், முதுகை நீவிவிட்டாள். "ஏன் மயினி? உங்க தொண்டையில்லா மயினி... ஏன் இப்பிடிச் செஞ்சிய?"

எஸ்கலின் மூச்சு வந்து சேரும்வரை காத்திருந்தாள். "ஒரு நாளாம்... ஒரு வாரமாம்... பத்து நாளாம். ஒரு பிள்ளைக்க உசுருக்கு... எனக்கு பேரம் பேசினாலே பிடிக்காதுட்டி," என்றாள். பிறகு, "ஊருல சொன்ன... பல்லத் தட்டிருவேன்."

செசிலி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சும்மாடு சுற்றித் தலையில் வைத்து, சருவத்தைத் தூக்கினாள். தெருவில் குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவள், ரெண்டடி நடந்து, "மீனே..." என்றாள். அது எலி கத்தியதுபோல வந்தது.

"சாவு வீட்டுலயா... நிக்க?" என்று பின்னாலிருந்து இழுத்து இழுத்துச் சத்தம் வந்தது. "வயித்துல இருந்து... கூப்பிடுட்டி."

செசிலி வயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "மீனே... மீனேய்..."

ஒரு கேட் திறந்தது. "எஸ்கலினா? எத்தனை நாளாச்சு உன் சத்தம் கேட்டு!" என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள்.

"எஸ்கலின்தான் அக்கா," என்றாள் செசிலி.